முன் சீட்டில் சம்பந்தி

தாப்பா
10.3.2004

அன்புள்ள தம்பி அங்கமுத்து அவர்களுக்குப் பூங்காவனம் எழுதிக்கொள்வது.

எங்கள் வீட்டில் எல்லாரும் சுகம். பெரிய பேத்தி கல்பனா தைப்பிங் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள், இப்போது அந்த வார்டுக்கே தலைமைத் தாதி. அவளுக்கு அடுத்தவன் தியாகு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் பினாங்கு போய்விட்டான். எங்கள் வரிசை வீடுகளில் அந்த வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன்தான். வினோதினி மாவட்டப் போட்டியில் உயரம் தாண்டிக் கோப்பை வாங்கினாள். அந்தக் கோப்பையில் இப்போது நான் சில்லறை போட்டு வைக்கிறேன். கடைக்குட்டி கோயிலில் தேவாரம் பாடி முதல் பரிசு வாங்கினான், பாதியில் மூக்கை உறிஞ்சினாலும். மூத்த பேரன் யுகேந்திரன் ஈப்போவில் மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீசியன். அவன் கை வைத்தால் நிற்கிற இயந்திரம் ஓடுகிறது என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நான் பெருமைக்குச் சொல்வதாக நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள். பெருமைப்படுகிற மாதிரிப் பிள்ளைகள் இருக்கும்போது வேறு என்ன செய்வது?

அந்த மூத்த பேரனைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினீர்கள்.

அதன் பிறகு போன் போட்டால் வைத்துவிடுகிறீர்கள். என் மகன், அதாவது யுகாவின் அப்பா, உங்கள் எதிரில் வாய் திறக்க மாட்டான். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. அதனால் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய நான் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

முதலில் நன்றி சொல்கிறேன். அவ்வளவு கோபத்திலும் வேன் நிறைய வந்த சனத்துக்குக் காப்பி கொடுத்தீர்கள். ஆளுக்கு ஒரு கோஸ் கட்டிக் கொடுத்தீர்கள். பரிசம் நின்ற வீட்டில் கோஸ் வாங்கிக்கொண்டு திரும்பியது எங்கள் கூட்டமாகத்தான் இருக்கும். நான் குளியலறையில் சேலையை அலசியபோது உங்கள் மகள் தமயந்தி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். "ஆயா, அழுவாதீங்க. எங்கப்பா கோவம் லோரி ரேடியேட்டர் மாதிரி. சூடு ஆறாம மூடியத் தொறந்தா மூஞ்சியில அடிக்கும்" என்றாள். தாயில்லாமல் நீங்கள் வளர்த்த பெண். அந்த வாயைக் கேட்டதும், இவளை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் சுமங்கலி, வீட்டில் மூத்தவள் என்பதால் குங்குமத் தட்டை என் மடியில் வைத்து, மாப்பிள்ளை காரிலேயே உட்கார வைத்தார்கள். பரிசத்துக்குப் போகிற கார் பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று யுகா முந்தின வாரம்தான் அவனுடைய சத்ரியா காரைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். புது ஸ்பிரிங், குலுக்கலை அடக்குகிற அப்சோர்பரும் புதுசு. அதைக் கடைசிக் கட்டம் வரை இறுக்கிவைத்தால்தான் வளைவில் நிற்கும் என்று கூட்டாளிகள் சொன்னார்களாம். மலை ஏறும் வழியில் ரிங்லெட் ஊருக்குக் கீழே ரோடு பெயர்ந்த இடத்தில் கார் துள்ளியது. என் பல்செட் மேலும் கீழும் அடித்துக்கொண்டது. தட்டு எழும்பிக் கவிழ்ந்தது. பெண்ணுக்கு வைத்த பட்டுச்சேலை, என் மடி, சீட்டு எல்லாம் சிவப்பு. பொட்டு வைக்க ஒரு சிட்டிகை மிஞ்சவில்லை.

சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு இன்னொரு நாள் கொடுங்கள் தம்பி. அதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பூங்காவனம்


பிரிஞ்சாங், கேமரன் மலை
18.3.2004

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை வைத்தது நான்தான். போனில் எனக்குக் குரல் ஏறிவிடும். பெரியவர்களிடம் கத்தக்கூடாது என்று வைத்தேன்.

நான் சகுனம் பார்க்கிற ஆள் இல்லை. குங்குமம் கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். சகுனம் என்று பேசியது என் தங்கச்சி. நான் அவளைத் தடுக்கவில்லை. அது என் தப்பு.

என் குறை கார்மேல். முப்பது வருசத்துக்கு மேல் இந்த ரோட்டில் காய்கறி லோரி ஓட்டினேன். ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். உங்கள் பேரன் கார் என் வாசலில் ஏறும்போது அடி தேய்த்தது. சிமெண்டில் கோடு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். அமுங்குவதற்கு இடமே இல்லாமல் இறக்கியிருக்கிறான். பள்ளத்தில் துள்ளுகிற சக்கரம் தரையில் இல்லை. தரையில் இல்லாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கூட்டாளிகளோடு மலை ஏறுகிறான் என்று தமயந்தியே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை.

இரண்டு விசயம். காரை விற்கட்டும். கல்யாணம் இங்கே மேலே நடக்கட்டும். மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் தாலி கட்டுவது நம் வழக்கம் என்பது தெரியும். இருந்தாலும் என்னால் மலையிலிருந்து கீழே வர முடியாது. காரணம் கேட்கவேண்டாம்.

கோஸ் நன்றாக இருந்ததா?

அங்கமுத்து


தாப்பா
6.4.2004

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பதில் போட்டதற்கே நான் கோயிலில் தேங்காய் உடைத்தேன். கோஸ் வெண்ணெய் மாதிரி இருந்தது. கூட்டு வைத்தேன், பொரியல் வைத்தேன், கடைசியில் யாரும் சாப்பிட மாட்டோம் என்று சொல்லும்வரை வைத்தேன்.

உங்கள் கடிதத்தை யுகாவிடம் படித்துக் காட்டினேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. "வித்துட்றேன் ஆயா" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். தம்பி, கோபிக்காதீர்கள். இந்தப் பையன் குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, சிகரெட் தொடுவதில்லை. அவனுக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் வளைவு. அதையும் பிடுங்கிவிட்டு உங்கள் வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் மகளுக்கு ஒரு மொட்டை மரம்தான் கிடைக்கும். "விக்காதே. துள்ளாம ஆக்கு. தமயந்தி அப்பா சொன்னதுல எது தப்பு?" என்று கேட்டேன். "ஒண்ணும் தப்பில்ல ஆயா. நான் வளைவுக்குன்னு வண்டியக் கட்டுனேன். ரோட்டுக்குக் கட்டல" என்றான்.

என்னையும் கூட்டிக்கொண்டு ஈப்போவில் ஆ ஹெங் என்கிற தமிழ் பேசும் சீனர் பட்டறைக்குப் போனான். இந்த வேலையில் பேர் போன ஆள். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், ஒரு மூலையைக் கையால் அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"என்னா தம்பி, இது காரா, கல்லறையா?"

"வளைவுல சாயக்கூடாதுன்னு போட்டேன் அங்கிள்."

"சாயட்டும்லா! மனுசன் நடந்தாகூட சாயுறான். சாஞ்சு நிக்குதான்னு பாரு. அலையக்கூடாது, அதான் விசயம்."

பிறகு என்னைப் பார்த்து, "பாட்டி, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று டாக்டர் மாதிரிக் கேட்டார். பல்செட் அடித்துக்கொண்டதைச் சொன்னேன். கடையே சிரித்தது. "ரொம்ப நல்ல மீட்டர் பாட்டி. வேலை முடிஞ்சதும் அதை வெச்சுதான் பார்க்கணும்" என்றார்.

அந்தத் தரை தேய்க்கிற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கம்பெனி உயரத்தைவிட இரண்டு விரல் மட்டும் தாழ்ந்த ஸ்பிரிங் போட்டார்கள். அந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக அப்சோர்பர். சாய்வைக் குறைக்கப் பின்னால் கொஞ்சம் தடித்த குறுக்குக் கம்பி. திரும்பி வரும்போது என் பல் அசையவில்லை தம்பி. கம்பாருக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டான். கார் ஒரு தடவை அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு தொந்தரவு. காருக்கு அடியில் சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கைகளில் இருக்கும் ரப்பர்கள் பழசு, அதையும் மாற்ற வேண்டும் என்று ஆ ஹெங் புதுசு கொடுத்தார். அவர் முன்னோர் கல்லறை கும்பிட ஊருக்குப் போய்விட்டதால் யுகாவும் கூட்டாளிகளும் எங்கள் ரம்புத்தான் மரத்தடியில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி அவர்களே மாட்டினார்கள். அன்றிலிருந்து கார் என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி முனகுகிறது. மறுபடி உடம்பு விறைப்பாக இருக்கிறது. கொக்கு மாதிரி உயர்ந்து நின்று எட்டி எட்டிப் பார்க்கிறது. கெட்ட பொருளைக் கொடுத்துவிட்டார் என்று கூட்டாளிகள் ஆ ஹெங்கைத் திட்டுகிறார்கள்.

எதற்கு இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியவில்லை. நீங்கள் லோரிக்காரர் என்பதால் இருக்கும்.

பூங்காவனம்


பிரிஞ்சாங்
13.4.2004

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

என் முடிவில் மாற்றம் இல்லை. விற்க வேண்டாம் என்று நீங்களே அவனிடம் சொன்னீர்கள் என்பதைப் படித்துக் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பேரனுக்குப் பரிந்து பேசுவது உங்கள் உரிமை. மகளுக்குப் பயப்படுவது என் உரிமை.

சாய்வதைப் பற்றி அந்தச் சீனர் சொன்னது சரி.

நாளைக்கு வருசப் பிறப்பு. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாழ்த்துகள்.

அங்கமுத்து

கேட்காமல் சொல்கிறேன். ரப்பர் மேல் தப்பில்லை. ஜாக்கியில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டை இறுக்கியிருப்பார்கள். வண்டியை இறக்கினதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அதுதான் முனகுகிறது, அதுதான் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. இப்படியே ஓட்டினால் கிழிந்துவிடும். அந்த நட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் நான்கும் தரையில் நின்று, சீட்டில் ஆள் பாரமும் இருக்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். பள்ளம் தோண்டிய பட்டறையாக இருந்தால் சுலபம். மரத்தடியில் வேண்டாம். அவன் அடியில் படுத்திருக்கும்போது ஜாக்கி சரிந்தால் என்ன ஆகும்? கூட்டாளிகளுக்கு அறிவில்லையா?


தாப்பா
20.4.2004

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதுதான் நீளம். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கம்.

யுகாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான், பிறகு உட்கார்ந்து படித்தான். "ஆயா, 'அவன் அடியில் படுத்திருக்கும்போது'ன்னு எழுதியிருக்காரு. என்னைப் பத்திக் கவலைப்பட்டிருக்காரு" என்றான். நட்டைப் பற்றி அவனுக்கு இரண்டாவதுதான்.

ஆ ஹெங் திரும்பி வந்ததும் பள்ளத்தின் மேல் காரை நிறுத்தி, எங்களை உள்ளே உட்கார வைத்து, நீங்கள் சொன்ன மாதிரியே தளர்த்தினார். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கார் பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கி நின்றது. அந்த நிலையிலேயே மறுபடி இறுக்கினார், முனகல் போய்விட்டது. ஆ ஹெங் பள்ளத்திலிருந்து தலையை நீட்டி, "யாரு சொன்னது இதை?" என்றார். "என் மாமனார்" என்றான் இவன். பெண்ணே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் மாமனார்! நான் திருத்தவில்லை. நீங்களும் திருத்த வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவனோடு நானும் போனேன். அந்தக் கூட்டாளிகளும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும், "டேய் யுகா, என்னாடா இது, பாரத்துக்குப் பாட்டியா?" என்றான் ஒருத்தன். "உன் கார்ல உங்க பாட்டிய உக்கார வெச்சுப் பாருடா, அப்பத் தெரியும்" என்று நான்தான் சொன்னேன். மலை ரோட்டில் லாத்தா இஸ்கந்தர் அருவி வரை போனோம். மெதுவாகப் போனான் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வளைவிலும் என் தோள் கதவில் இடிக்கவில்லை. அருவி வாசலில் இறங்கி நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டேன், முழுப் பொட்டலம். உங்களுக்குத்தான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் முதல் கவலை பாதி தீர்ந்துவிட்டது. இரண்டாவது என்ன? நீங்கள் ஏன் கீழே வர மாட்டீர்கள்? தமயந்தியைக் கேட்டால், "எனக்கே தெரியாது ஆயா. ஈப்போவுக்குக் கண் காட்ட ஒரு தடவ போனாரு. அதோட சரி. எங்க தாய்மாமா சாவுக்குக்கூட எறங்கல" என்கிறாள். எங்கள்மேல் ஏதாவது மனக்குறையா? எதுவானாலும் என்னிடம் சொல்லலாம். எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் உங்கள் வயசுதான்.

பூங்காவனம்


பிரிஞ்சாங்
29.4.2004

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சர்க்கரையில் என் இடது கண் போய்விட்டது. வெளியே பார்த்தால் தெரியாது. லைசென்சைத் திருப்பிக் கொடுத்தேன். அதுவரை நான் ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த மலையில் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. எப்போதும் ஸ்டீரிங் என் கையில்தான்.

கண் ஆஸ்பத்திரிக்கு டாக்சியில் போனேன். ஓட்டியவன் என்னிடம் லோரி பழகின பையன். பழைய கார். படகு மாதிரி அலைந்தது. ரிங்லெட் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தேன். அதற்கு அப்புறம் வளைவுக்கு வளைவு எடுத்தேன். அவன் பிளாஸ்டிக் பை கொடுத்துவிட்டு, "என்னா தலைவரே, மசக்கையா?" என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். மறுநாள் கோஸ் சந்தையில் நாலு பேர் வயிற்றைத் தடவிக் காட்டினார்கள்.

முப்பது வருசம் இந்த ரோட்டை ஆண்டவன் நான். பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு மகள் கல்யாணத்தில் போய் இறங்க என்னால் முடியாது. மணவறையில் உட்கார வேண்டியவன் வாந்தி வாசத்தோடு உட்கார்ந்தால் அவளுக்குத்தானே தலைகுனிவு? அதனால்தான் கல்யாணம் மேலே நடக்கட்டும் என்றேன். மேலே நடத்த உங்களுக்கு முடியாது என்றால் நான் இல்லாமல் நடத்திக்கொள்ளுங்கள் என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.

அங்கமுத்து


தாப்பா
8.5.2004

அன்புள்ள தம்பிக்கு,

என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி. கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. பெட்டியில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியை எலிகூடத் திறக்காது.

மசக்கை என்று படித்ததும் சிரித்தேன், மறைக்க மாட்டேன். அடுத்த வரியில் அழுதுவிட்டேன். நீங்கள் இல்லாமல் எந்தக் கல்யாணமும் நடக்காது. அப்படி ஒன்றை நடத்துவதைவிட என் பேரன் பிரம்மச்சாரியாகவே வளைவு வளைவாகச் சுற்றட்டும்.

நான் யுகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆ ஹெங்கிடம் மட்டும் யாரோ ஒருத்தர் கதை மாதிரிக் கேட்டேன். "வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டுன ஆளு, பக்கத்து சீட்டுல உக்காந்தா வாந்தி வருமா?"

"ஏன் வராது? அவரு உடம்பு ஓட்டிக்கிட்டே இருக்கும் பாட்டி. இங்க திரும்பணும்னு உடம்பு நெனைக்கும், வண்டி அப்புறமா திரும்பும். மெத்துன்னு அலையுற வண்டின்னா இன்னும் மோசம். அமுங்கும், எழும், திரும்ப அமுங்கும். வயிறும் கூடவே போவும்."

"அப்ப கெட்டியா வெச்சா?"

"கெட்டியா வெச்சா முதுகு போவும். அவரு நெனைக்கிற நேரத்துக்கு வண்டி திரும்பணும், ஒரே தடவையில அடங்கணும். அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் யுகா தானாகவே வந்து, "ஆயா, மாமா எடை எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டான். எதற்கு என்றேன். "ஆள் பாரத்தோட இறுக்கணும்னு எழுதினாருல்ல. நாம ஒங்க பாரத்துக்கு இறுக்கியிருக்கோம். ஒருநாள் அவர் ஏறுவாரு. அன்னிக்கு அவருக்குச் சரியா இருக்கணும்" என்றான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை போகவில்லை தம்பி, என் பிள்ளைகள்மேல் சத்தியம். பரிசத்தன்று உங்களைப் பார்த்ததை வைத்து நானே ஒரு கணக்குச் சொன்னேன். முன் சீட்டில் அரிசி மூட்டைகளை அடுக்கி பெல்ட் மாட்டி ஆ ஹெங் மறுபடி எல்லாவற்றையும் பார்த்தார், சக்கர நேரையும் சரி செய்தார், அப்சோர்பரை ஒரு கட்டம் தளர்த்தினார். வருகிற வழியில் டோல் சாவடிப் பெண் மூட்டையைப் பார்த்து, "யாருக்கு இவ்ளோ மரியாதை?" என்றாள். "எங்க சம்பந்திக்கு" என்றேன்.

அந்த முன் சீட்டு அப்படியே இருக்கிறது. ஒருவரும் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டான். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் அவனும் மட்டும் வருகிறோம். தாப்பாக் கோயில் மண்டபத்தைப் பார்க்க உங்களைக் கூப்பிட வந்திருப்பதாகத்தான் அவனுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். கோஸ் மட்டும் கொடுங்கள்.

என் கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். உங்களுக்கு இல்லை, எனக்கென்று சொல்லிக்கொள்ளலாம்.

பூங்காவனம்


பிரிஞ்சாங்
19.5.2004

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். அதாவது நானும் கொய்யாவும். கொய்யாவுக்கு நன்றி. தாப்பாவிலேயே கிடைக்கிற கொய்யாவுக்கு அதைத் தாண்டிப் பீடோர் வரை ஏன் போனீர்கள் என்று புரியவில்லை.

காரில் ஏறும்போது உங்கள் பேரனிடம் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். "எனக்காக மெதுவா ஓட்டி ஏமாத்தாதே. ஞாயித்துக்கிழமை எப்படி ஓட்டுவியோ அப்படி ஓட்டு. இல்லன்னா எறங்கிருவேன்" என்றேன். பயத்தில் சொன்னது. அவமானம் வருவதாக இருந்தால் சீக்கிரம் வரட்டும் என்று.

முதல் கொஞ்ச தூரம் என் வலது கால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டே இருந்தது. அவன் கவனித்தான். நான் நினைக்கிற இடத்தில் அவன் பிரேக்கைத் தொட்டான். நான் விடுகிற இடத்தில் விட்டான். விட்ட பிறகுதான் உள்ளே திருப்பினான். கார் சாய்ந்தது, சாய்ந்தபடி நின்றது, வளைவு முடிந்ததும் நிமிர்ந்தது. அலையவில்லை. குங்குமம் கொட்டின அந்தப் பெயர்ந்த இடத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டேன். சத்தம் கேட்டது, அடி விழவில்லை. அப்போது பார்த்தால் என் கால் பிரேக் போடுவதை நிறுத்தியிருந்தது.

அதற்கு அப்புறம் எனக்குத் தெரியாது. லாத்தா இஸ்கந்தர் அருவியைப் பார்க்காமல் நான் அந்த ரோட்டில் இறங்கியது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. தூங்கிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாகக் கோஸ் சந்தையில் யாருக்கும் தெரியக்கூடாது.

மண்டபம் பிடித்திருக்கிறது. கல்யாணம் தாப்பாவிலேயே நடக்கட்டும். பரிசத்துக்கு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். காரை விற்க வேண்டாம். ஆனால் டயர் பழசு, மழையில் பிடிக்காது. அதை மாற்றச் சொல்லுங்கள். கூட்டாளிகளோடு போகும்போது முன்னால் போகிற காரின் பின்பக்கத்தைப் பார்த்து ஓட்டக்கூடாது, ரோட்டைப் பார்த்து ஓட்டவேண்டும் என்றும் சொல்லுங்கள். இல்லை, அடுத்த தடவை நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த அரிசி மூட்டை விசயம் தமயந்தியிடம் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, "உங்க எடைய ஆயா எவ்ளோன்னு சொன்னாங்களாம்?" என்று கேட்டாள். எனக்கும் அது தெரியவேண்டும்.

எனக்கு அக்கா இல்லை. இனிமேல் இப்படியே எழுதலாமா?

அங்கமுத்து


தாப்பா
26.5.2004

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

எழுதலாமா என்று கேட்பீர்களா? அந்த முதல் வரியை வீட்டுக்காரர் காதில் கத்திப் படித்தேன். தெருவுக்கே கேட்டது. அவர் மட்டும், "என்னா?" என்றார்.

உங்கள் எடையை நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மரியாதைக்காக.

நீங்கள் தூங்கியதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குத் தெரியாததை உங்களிடம் சொல்லலாம் அல்லவா? ரிங்லெட் தாண்டி இரண்டாவது வளைவிலேயே தலை சாய்ந்துவிட்டது. மயக்கமோ என்று நினைத்தேன். பின்னாலிருந்து எட்டிக் கை வைக்கப் போனேன். அதற்குள் குறட்டை. யுகா கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "ஆயா, மாமா தூங்குறாரு" என்று காற்றாகச் சொன்னான். "ரோட்டப் பாருடா" என்றேன். பரீட்சையில் பாஸானபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. குறைத்தால் விழித்துக்கொள்வாரோ என்று பயமாம். தாப்பா வந்தது. கோயில் வாசலில் நிறுத்தினால் எழுந்துவிடுவீர்கள் என்று நிறுத்தாமல் போனோம். அப்படியே போய்ப் போய்ப் பீடோர் வந்துவிட்டது. அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடித்து உங்களை எழுப்பிவிட்டான். என்ன சொல்வது என்று தெரியாமல் யுகா, "கொய்யா வாங்க வந்தோம் மாமா" என்றான். அவன் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான், அதற்காகவும் உங்களுக்கு நன்றி.

டயர் மாற்றிவிட்டான். அடுத்த தடவை நீங்களே சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். கூட்டாளிகள் தங்கள் கார்களையும் உங்களிடம் காட்டவேண்டும் என்கிறார்கள். பாட்டியைக் கிண்டல் செய்தவன்தான் முதலில் நிற்கிறான்.

பரிசத்துக்கு ஆனி மாதத்தில் நாள் பார்த்திருக்கிறோம். தமயந்தியிடம் சொல்லுங்கள், என் வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, அந்த வாயோடு வந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. கல்யாணத்தன்று தமிழ்ப் பத்திரிகையில் வாழ்த்துப் போடப்போகிறோம். அதில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் படமும் வரவேண்டும். நாங்கள் இருவரும் எடுத்துவிட்டோம். நான் சிரித்திருக்கிறேன், அவர் யாரோ கூப்பிட்ட மாதிரி வேறு பக்கம் பார்க்கிறார். உங்கள் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மண்டபத்தைப் படம் எடுக்க யுகா கொண்டு வந்த கேமராவில், தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவில் பின் சீட்டிலிருந்து நானே எடுத்தது. கழுவிப் பார்த்தால் மிகத் தெளிவாக வந்திருக்கிறது. தலை ஜன்னலில் சாய்ந்திருக்கிறது, பெல்ட் சரியாகப் போட்டிருக்கிறது, வாய் அருவி மாதிரித் திறந்திருக்கிறது. அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதையே போடத்தான் ஆசை. கோஸ் சந்தையிலும் பத்திரிகை வாங்குவார்கள் என்பதால் யோசிக்கிறேன். ஆகவே தம்பி, சட்டையை மாட்டி, மகளைப் பக்கத்தில் நிறுத்தி, புதுசாக ஒரு போட்டோ எடுத்து, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தபாலில் போடுங்கள்.

உங்கள் அக்கா,
பூங்காவனம்